வார்டில் இருக்கும் குழந்தைக்கு செப்டிக் ஷாக்: முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

குழந்தைகள் வார்டில் புதிதாகப் பொறுப்பேற்கும் பயிற்சி மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதில் வரும் மருந்தளவுகள் பரவலாக நடைமுறையில் உள்ளவை. ஆயினும் உங்கள் மருத்துவமனையின் எழுதப்பட்ட நெறிமுறையோடு அவற்றை ஒருமுறை ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மூத்தவர்களிடம் காரணம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அதை இரவுப் பணி தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். குழந்தை மோசமான பிறகு தேட நேரம் இருக்காது.

அவசரப் பிரிவுக்குத் தூக்கி வரப்படும் குழந்தையை எல்லோரும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். மூன்று நாளாக வார்டில் படுத்திருக்கும் குழந்தைக்கு அந்தச் சந்தேகத்தின் பாதுகாப்பு கிடைப்பதில்லை. அதற்கு ஒரு நோய்ப்பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டதால், காய்ச்சல் ஏறினால் அந்த நோயின் காய்ச்சல் என்றும், நாடி விரைந்தால் அழுததால் என்றும், சோர்ந்து கிடந்தால் இரவு தூங்காததால் என்றும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் எளிதில் கிடைத்துவிடுகிறது. தனித்தனியே பார்த்தால் அந்தச் சமாதானங்கள் ஒவ்வொன்றும் சரியாகவே இருக்கலாம். ஒரே குழந்தைக்கு ஒரே நேரத்தில் இப்படி மூன்று சமாதானங்கள் தேவைப்படுகின்றன என்றால், அங்கேதான் நாம் நிற்க வேண்டும்.

தொற்றுக்கு எதிராக உடல் எழுப்பும் எதிர்வினை கட்டுமீறிப்போய் உறுப்புகளையே பாதிக்கும் நிலை செப்சிஸ். அதில் இரத்த ஓட்டமும் குலைந்துவிட்டால் அது செப்டிக் ஷாக். இரத்த நாளங்கள் தளர்கின்றன, அவற்றின் சுவர் வழியே நீர் கசிகிறது, இதயத் தசையும் வலுவிழக்கிறது. இந்த மூன்றும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். ஒரே குழந்தையிடத்திலும் மணிக்கு மணி மாறும். 2024ஆம் ஆண்டில் வெளியான ஃபீனிக்ஸ் வரையறையின்படி, தொற்று இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் குழந்தைக்கு உறுப்புப் பாதிப்பு மதிப்பெண் 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது செப்சிஸ். அத்துடன் வயதுக்கு மிகக் குறைந்த இரத்த அழுத்தம், லிட்டருக்கு 5 மில்லிமோலுக்கு மேற்பட்ட லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் குறையும்போது இரத்தத்தில் ஏறும் பொருள்), இரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்தின் தேவை ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தால் அது செப்டிக் ஷாக். நோயை வகைப்படுத்தவும் ஆய்வுகளை ஒப்பிடவும் இந்த வரையறை உதவும். படுக்கையருகே நிற்கும் நீங்கள் மதிப்பெண் நிரம்பும் வரை காத்திருக்கக் கூடாது. அது நிரம்பும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும்.

கண்டறிதல்

முதலில் குழந்தையைத் தொடுங்கள். கையையும் காலையும் ஒருங்கே தொட்டுப் பார்த்து, குளிர்ச்சி எதுவரை ஏறியிருக்கிறது என்று கவனியுங்கள். விரல்நுனி மட்டும் குளிர்ந்திருப்பதும் முழங்கால் வரை குளிர்ந்திருப்பதும் ஒன்றல்ல. அடுத்து, விரலை இதயத்தின் மட்டத்துக்குச் சற்று மேலே உயர்த்தி 5 விநாடி அழுத்தி விடுங்கள். நெஞ்செலும்பின் மேலும் அவ்வாறே செய்யுங்கள். வெளுத்த இடத்தில் நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் அது இயல்பன்று. அறை குளிராக இருந்தால் கைவிரலில் இது பொய் சொல்லும். அப்போது நெஞ்சில் பார்த்ததை நம்புங்கள். பிறகு மணிக்கட்டு நாடியையும் தொடை நாடியையும் ஒப்பிடுங்கள். தொடையில் நன்றாகக் கிடைத்து மணிக்கட்டில் நூலிழையாகக் கிடைத்தால், உடல் ஓரங்களைக் கைவிட்டு உள்ளுறுப்புகளைக் காக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

சில குழந்தைகள் இதற்கு நேர்மாறாகத் தோன்றுவார்கள். கைகால் சூடாக இருக்கும், அழுத்திய இடத்தில் நிறம் கணத்தில் திரும்பும், நாடி துள்ளும், இரத்த அழுத்தத்தின் கீழளவு மட்டும் வெகுவாக இறங்கியிருக்கும். இதுவும் ஷாக்தான். உடல் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று ஏமாந்துபோகும் தவறு இங்கேதான் அதிகம் நிகழ்கிறது.

நாடித்துடிப்பை வயதோடு சேர்த்துப் படியுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 180க்கு மேல், 2 முதல் 5 வயதில் 140க்கு மேல், 6 முதல் 12 வயதில் 130க்கு மேல், அதற்குப் பின் 110க்கு மேல் என்பது எச்சரிக்கை எல்லை. காய்ச்சலும் துடிப்பை உயர்த்தும் என்பது உண்மையே. ஆகவே காய்ச்சல் இறங்கிய பின், குழந்தை அழாமல் இருக்கும்போது மறுபடி எண்ணுங்கள். காய்ச்சல் இறங்கியும் துடிப்பு இறங்கவில்லை என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது. மூச்சு வீதம் ஏறியும் நெஞ்சில் சத்தம் ஏதும் இல்லாமல் இருந்தால், இரத்தத்தில் சேர்ந்த அமிலத்தை வெளியேற்ற உடல் முயல்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று கேளுங்கள். ஆறு மணி நேரமாக உலர்ந்திருக்கும் டயப்பர் பல பரிசோதனைகளுக்கு முன்பே செய்தி சொல்லிவிடும்.

இரத்த அழுத்தத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. குழந்தைகளின் நாளங்கள் இறுக்கமாகச் சுருங்கவல்லவை. இதயமும் வேகத்தைக் கூட்டி வெகுநேரம் ஈடுகொடுக்கும். அதனால் இரத்த ஓட்டம் குறைந்த பின்னும் அழுத்தம் இயல்பாகவே காட்டும். அது விழும்போது ஈடுகொடுக்கும் வழிகள் தீர்ந்துவிட்டன என்று பொருள். மேலளவின் கீழெல்லை ஒரு மாதம் முதல் ஓராண்டு வரை 70, ஒன்று முதல் பத்து வயது வரை வயதை இரண்டால் பெருக்கி 70ஐக் கூட்டினால் வரும் எண், அதற்கு மேல் 90. பிறந்த ஒரு மாதத்துக்குள் 60. இந்த எண்ணுக்குக் கீழே போனால் ஷாக் உறுதி. மேலே இருந்தால் ஷாக் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

தாயோ தகப்பனோ, ‘இவன் இப்படி இருக்க மாட்டானே’ என்று சொன்னால் அதையும் ஓர் அறிகுறியாகக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மூளைக்கு இரத்தம் குறைவதன் முதல் அடையாளம் குழந்தையின் குணமாற்றம்தான்: காரணமில்லாத சிணுங்கல், பார்வை பதியாமை, ஊசி குத்தினாலும் அழாமை. அந்த மாற்றத்தை நம்மைவிட அவர்கள் முன்கூட்டியே அறிவார்கள்.

மூன்று வகைக் குழந்தைகளிடம் இந்த அறிகுறிகள் மங்கலாகவே தெரியும். பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சலுக்குப் பதில் உடல் குளிர்ந்துபோகலாம், பால் குடிப்பது நின்றுபோகலாம், மூச்சு இடையிடையே நிற்கலாம். புற்றுநோய் மருந்து பெற்று வெள்ளணுக்கள் குறைந்த குழந்தைக்குச் சீழோ வீக்கமோ தோன்றாது; காய்ச்சல் ஒன்றே சான்றாக இருக்கும். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்குக் காய்ச்சல்கூட வராமல் போகலாம்.

முதல் ஐந்து நிமிடம்

சந்தேகம் எழுந்தவுடன் உதவிக்கு ஆளை அழைப்பதே முதல் வேலை. மூத்த மருத்துவரை எழுப்பத் தயங்கி, இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போடுவதில் கரையும் நேரத்தை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. அழைக்கும்போது, ‘குழந்தை சரியில்லை’ என்பதோடு நிறுத்தாமல், ‘இரண்டு வயது, 12 கிலோ, துடிப்பு 175, நிறம் திரும்ப 5 விநாடி, மந்தமாக இருக்கிறான், செப்டிக் ஷாக் என்று நினைக்கிறேன்’ என்று சொல்லுங்கள். இப்படிச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் கேள்வி கேட்பதை விட்டுக் கிளம்பி வருவார்.

அவர் வருவதற்குள் முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுத்து, கண்காணிப்புக் கருவியை இணைத்து, விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள். 60 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 முதல் 5 மி.லி. கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மந்தமான குழந்தையின் சர்க்கரையைப் பார்க்க மறப்பது வியப்பூட்டும் அளவுக்கு எளிதாக நிகழும் தவறு.

வார்டுக் குழந்தைக்கு ஏற்கெனவே ஒரு கேனுலா (சிரையில் பொருத்திய சிறு குழாய்) இருக்கும். அது வேலை செய்கிறதா என்று சலைன் செலுத்தி உறுதிசெய்த பிறகே அதை நம்புங்கள். மூன்று நாள் பழைய கேனுலா ஷாக்கின்போது வீங்கிவிடுவது வழக்கம். இரண்டாவது வழி ஒன்றும் வேண்டும். 5 நிமிடத்துக்குள் சிரை கிடைக்கவில்லை என்றால் எலும்புக்குள் ஊசி போடுங்கள். முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பில் தட்டுப்படும் முடிச்சிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே, உட்பக்கமாக உள்ள தட்டையான பரப்பு அதற்கு உகந்த இடம். சிரை வழியே போகும் திரவங்களும் அவசர மருந்துகளும் அந்த வழியே போகும். எலும்பு முறிந்த காலில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. புதியவர்கள் இதைக் கடைசி ஆயுதமாக நினைத்து ஆறாவது முறை சிரையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். தேடும் கைக்கு நேரம் தெரியாது, ஆகவே கடிகாரம் பார்க்கும் பொறுப்பை அருகில் நிற்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வழி கிடைத்தவுடன் இரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை), இரத்த வாயுப் பரிசோதனை, லாக்டேட், இரத்த அணுக்கள், சிறுநீரக, ஈரல் பரிசோதனைகளுக்கு இரத்தம் எடுத்துவிடுங்கள். கல்ச்சருக்கு இரத்தம் வரவில்லை என்பதற்காக மருந்தை நிறுத்திவைக்க வேண்டாம்.

திரவம்

இந்தச் சிகிச்சையில் அதிகம் விவாதிக்கப்பட்டதும் அதிகம் தவறு நிகழ்வதும் இங்கேதான். திரவத்தையும் ஒரு மருந்தாகவே எண்ண வேண்டும். அதற்கும் அளவு உண்டு, பக்கவிளைவு உண்டு, நிறுத்த வேண்டிய இடம் உண்டு.

2011ஆம் ஆண்டு வெளியான ஃபீஸ்ட் ஆய்வு கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில், கடுங்காய்ச்சலும் இரத்த ஓட்டக் குறைவும் கொண்ட 3141 குழந்தைகளிடையே நடந்தது. திரவம் விரைவாகச் செலுத்தப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 10.5 சதவீதம்; அவ்வாறு செலுத்தப்படாதவர்களில் 7.3 சதவீதம். அந்த மருத்துவமனைகளில் செயற்கைச் சுவாசமும் தீவிர சிகிச்சையும் எளிதில் கிடைக்கவில்லை. குழந்தைகளில் பலருக்கு மலேரியாவும் கடும் இரத்தசோகையும் இருந்தன. ஆகவே அந்த முடிவை எல்லா இடங்களுக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் திரவம் என்றால் நன்மை மட்டுமே என்ற பழைய நம்பிக்கை அதோடு தகர்ந்தது.

2020ஆம் ஆண்டின் சர்வைவிங் செப்சிஸ் குழந்தைகளுக்கான வழிகாட்டுதல் இதனால்தான் இடத்தைப் பொறுத்துப் பிரிகிறது. தீவிர சிகிச்சை வசதி உள்ள இடத்தில், ஒவ்வொரு முறையும் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. வீதம், தேவைக்கேற்ப முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 40 முதல் 60 மி.லி. வரை கொடுக்கலாம். அந்த வசதி இல்லாத இடத்தில், இரத்த அழுத்தம் விழவில்லை என்றால் விரைவுத் திரவம் வேண்டாம், வழக்கமான பராமரிப்புத் திரவத்தைத் தொடங்கினால் போதும். அழுத்தம் விழுந்திருந்தால் கிலோவுக்கு 40 மி.லி. வரை, சிறுசிறு பகுதிகளாகக் கொடுக்கலாம். புதியவர் எந்த இடத்தில் இருந்தாலும் கிலோவுக்கு 10 மி.லி. என்ற சிறிய பகுதியோடு தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. இரண்டாவது 10ஐக் கொடுக்கலாமா என்று குழந்தையைத் திரும்பப் பார்க்க அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது.

எந்தத் திரவம் என்றால், ரிங்கர் லாக்டேட் போன்ற சமநிலைத் திரவம் முதல் தேர்வு. நார்மல் சலைன் மட்டுமே கையில் இருந்தால் அதைக் கொடுக்கலாம். ஆனால் அளவு கூடக்கூட குளோரைடு ஏறி அமிலத்தன்மை மிகும். டெக்ஸ்ட்ரோஸ் கலந்த திரவத்தை விரைவுத் திரவமாகக் கொடுக்கவே கூடாது.

செலுத்தும் முறையிலும் கவனம் தேவை. உயரத்தில் தொங்கும் பாட்டிலைத் திறந்துவிட்டால் சிறிய கேனுலா வழியே திரவம் வேகமாகப் போகாது; எவ்வளவு போனது என்பதும் தெரியாது. மூவழித் திருகுக் குழாயோடு 20 அல்லது 50 மி.லி. சிரிஞ்சை இணைத்து இழுத்துத் தள்ளுங்கள். நம் 12 கிலோக் குழந்தைக்கு முதல் பகுதி 120 மி.லி.; அதை 10 முதல் 15 நிமிடத்தில் முடிக்கலாம். எத்தனை சிரிஞ்சு போனது என்பதை ஒருவர் வாய்விட்டு எண்ணி எழுத வேண்டும்.

முதல் துளி போவதற்கு முன் ஈரலின் விளிம்பைத் தடவிப் பார்த்து வயிற்றில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அந்தக் கோட்டைத் தொட்டுப் பாருங்கள். ஈரல் கோட்டைத் தாண்டிக் கீழிறங்கியிருந்தாலும், நுரையீரலின் அடிப்பகுதியில் புதிதாகக் கறகறப்பு கேட்டாலும், மூச்சு வீதம் கூடி ஆக்சிஜன் அளவு இறங்கினாலும் திரவத்தை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு, கடும் இரத்தசோகை, இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ள குழந்தைகளுக்குத் தொடக்கத்திலிருந்தே இன்னும் நிதானம் தேவை. கடும் இரத்தசோகையுள்ள குழந்தைக்குத் தேவைப்படுவது சலைன் அன்று, இரத்தம்.

நுண்ணுயிர்க்கொல்லி

ஷாக் என்று அறிந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் உடலுக்குள் போயிருக்க வேண்டும். மருந்தை எழுதிய நேரத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. சிரைக்குள் சென்ற நேரமே கணக்கு. எழுதுவதற்கும் சேர்வதற்கும் இடையே மருந்தகத்தின் வரிசை, கரைக்க நீர் இல்லாமை, கேனுலா அடைப்பு என்று பல ஓட்டைகள் உண்டு. முதல் டோஸ் மருந்துகள் வார்டு அலமாரியிலேயே இருக்கின்றனவா என்று பணி ஏற்கும்போதே பார்த்துவிடுங்கள்.

எந்த மருந்து என்பது குழந்தையைப் பொறுத்தது. வெளியிலிருந்து தொற்றோடு வந்து, ஓரிரு நாளில் மோசமான குழந்தைக்கு செஃப்ட்ரியாக்சோன் கிலோவுக்கு 80 முதல் 100 மி.கி. பொருத்தமாக இருக்கும். வெகுநாள் வார்டில் இருந்தவர், மைய சிரைக் குழாய் உள்ளவர், அறுவை சிகிச்சை முடிந்தவர், வெள்ளணு குறைந்தவர் ஆகியோருக்கு மருத்துவமனைக் கிருமிகளையும் எட்டும் பரந்த மருந்து தேவை. அதை உங்கள் மருத்துவமனையின் கல்ச்சர் அனுபவமே தீர்மானிக்கும். ஏற்கெனவே ஒரு மருந்து பெற்றுக்கொண்டிருக்கும்போதே குழந்தை ஷாக்குக்குள் போகிறது என்றால், அதே மருந்தின் அடுத்த டோஸைக் கொடுத்துவிட்டு அமைதியடைய வேண்டாம். இரண்டு மருந்துகள் இருந்தால் சில நிமிடங்களில் போகக்கூடியதை முதலில் கொடுங்கள். ஒரு மணி நேரம் ஓட வேண்டிய வான்கோமைசினை அதன் பின் தொடங்கலாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் உண்டு. செஃப்ட்ரியாக்சோன் அதனோடு சேர்ந்தால் படிவு உண்டாகும். இரண்டையும் ஒரே குழாயில் ஒரே நேரத்தில் செலுத்தாதீர்கள். இடையில் சலைனால் குழாயைக் கழுவுங்கள். பச்சிளங்குழந்தைக்குக் கால்சியம் கலந்த திரவம் போகும்போது செஃப்ட்ரியாக்சோனையே தவிர்த்துவிட வேண்டும்.

தொற்றின் மூலத்தையும் தேடுங்கள். சீழ்க்கட்டி இருந்தால் வடிக்க வேண்டும். தொற்றேறிய குழாயை அகற்ற வேண்டும். சீழ் உள்ளே இருக்கும்வரை எந்த மருந்தும் முழுமையாக வேலை செய்யாது.

அட்ரினலின்

திரவம் கிலோவுக்கு 40 முதல் 60 மி.லி. போன பின்னும் ஷாக் நீடித்தால், அல்லது அதற்கு முன்பே திரவம் மிகுந்ததன் அடையாளம் தோன்றினால், இரத்த ஓட்டத்தைத் தாங்கும் மருந்தான அட்ரினலினைத் தொடங்க வேண்டும். இரண்டாவது பகுதித் திரவம் ஓடும்போதே இதைக் கலந்து வைத்துவிடுவது நல்ல பழக்கம், ஏனெனில் கலக்கவும் பம்ப்பைத் தேடவும் கால் மணி நேரம் பிடிக்கும்.

கணக்கு எளிது. குழந்தையின் எடையை 0.3ஆல் பெருக்கினால் வரும் மில்லிகிராம் அளவு அட்ரினலினை மொத்தம் 50 மி.லி. ஆகும்படி கலந்தால், மணிக்கு 1 மி.லி. என்ற வேகம் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் ஆகும். 12 கிலோவுக்கு 3.6 மி.கி.; அதாவது 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பியூலிலிருந்து 3.6 மி.லி. 0.05 அல்லது 0.1இல் தொடங்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்த்து, 0.3 வரை உயர்த்தலாம். கணக்கை இருவர் தனித்தனியே போட்டு விடை பொருந்திய பின்பே பம்ப்பை இயக்குங்கள். புள்ளி ஓரிடம் நகர்ந்தால் மருந்து பத்து மடங்காகும்.

மைய சிரைக் குழாய் போடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நன்றாக ஓடும் கேனுலா வழியாகவோ எலும்பு ஊசி வழியாகவோ தொடங்கலாம். கேனுலா இடத்தை அடிக்கடி பார்த்து, வெளுத்தாலோ வீங்கினாலோ உடனே மாற்றுங்கள். அந்தக் குழாயில் வேறு மருந்தைத் தள்ளாதீர்கள். தள்ளினால் குழாயில் தேங்கிய அட்ரினலின் மொத்தமாக உள்ளே போகும். நாளங்கள் தளர்ந்து கைகால் சூடாக இருக்கும் வகைக்குப் பலர் நார் அட்ரினலினைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் கையைத் தொட்டு மட்டும் இரண்டு வகைகளையும் பிரிப்பது நம்பத்தக்கதன்று. இதயத்தின் எக்கோ கிடைத்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். அட்ரினலினும் நார் அட்ரினலினும் இல்லாத இடத்தில்தான் டோபமைன். அட்ரினலின் தானாகவே லாக்டேட்டையும் சர்க்கரையையும் உயர்த்தும் என்பதால், குழந்தை தெளிந்து சிறுநீர் கழிக்கும்போது லாக்டேட் எண் ஒன்று மட்டும் ஏறியிருந்தால் பதற வேண்டாம்.

சரியாகவில்லை என்றால்

மூச்சுத்திணறல் கூடியோ நினைவு மங்கியோ செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டால், அதை அனுபவமுள்ளவர் செய்யட்டும். ஷாக்கில் இருக்கும் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கும் கணத்தில் இரத்த அழுத்தம் சரிந்து இதயம் நின்றுபோகலாம். எனவே அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கேட்டமைனைக் குறைந்த அளவில் பயன்படுத்திச் செய்வது பாதுகாப்பானது. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து வேண்டாம்.

திரவமும் அட்ரினலினும் போன பின்னும் முன்னேற்றம் இல்லை என்றால், மருந்தை மேலும் மேலும் ஏற்றுவதற்கு முன் நோய் இதுதானா என்று மறுபடி கேளுங்கள். நெஞ்சில் காற்று அடைத்திருக்கிறதா, இதயத்தைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கிறதா, இதயத் தசை அழற்சியா, வயிற்றுக்குள் குடல் துளையா, எங்காவது இரத்தம் கசிகிறதா, டெங்குவில் நாளம் கசிவதா என்று ஒவ்வொன்றாக விலக்குங்கள். பிறந்த சில வாரக் குழந்தையாக இருந்தால் பிறவி இதயக் குறைபாடு செப்சிஸ் வேடத்தில் வரும். தொடை நாடி கிடைக்கவில்லை என்றால் அதுவே முதல் சந்தேகம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த குழந்தைக்கு ஹைட்ரோகார்டிசோனைத் தாமதிக்காமல் கிலோவுக்கு 2 மி.கி., அதிகபட்சம் 100 மி.கி. கொடுங்கள். மற்றவர்களுக்கு, எதற்கும் பணியாத ஷாக்கில் மட்டும் அதைப் பரிசீலிக்கலாம்.

இலக்குகளைப் படுக்கையருகே எழுதி ஒட்டிவிடலாம்: கண் திறந்து அடையாளம் காணுதல், 2 விநாடிக்குள் நிறம் திரும்புதல், மணிக்கட்டிலும் தொடையிலும் ஒரே வலுவுள்ள நாடி, இறங்கிவரும் துடிப்பு, மணிக்குக் கிலோவுக்கு 1 மி.லி. சிறுநீர், இறங்கும் லாக்டேட். முதல் ஒரு மணி நேரத்தில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இவற்றைப் பார்த்து நேரத்தோடு எழுதுங்கள்.

குழந்தை நிலைப்பட்டதும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கோ வேறு மருத்துவமனைக்கோ மாற்ற வேண்டியிருக்கும். ஓடும் பம்ப்புக்கு மின்கலம் போதுமா, அட்ரினலின் சிரிஞ்சு தீர்வதற்குள் அடுத்தது தயாராக இருக்கிறதா, ஆக்சிஜன் உருளையில் எவ்வளவு மிச்சம் என்று கிளம்பும் முன் பாருங்கள். இதுவரை போன திரவத்தின் மொத்த அளவு, நுண்ணுயிர்க்கொல்லி சென்ற நேரம், கல்ச்சர் எடுத்த நேரம், அட்ரினலின் வேகம் ஆகிய நான்கையும் எழுத்தில் ஒப்படையுங்கள். வயிற்றில் போட்ட பேனாக் கோட்டைத் துடைத்துவிடாமல், அது எந்த நேரத்தில் போட்டது என்பதை அதன் அருகிலேயே எழுதி அனுப்புங்கள். அடுத்துத் தொட்டுப் பார்ப்பவருக்கு அது தேவைப்படும்.